செத்தவன் எழுந்த பாட்டு

‘ஃபினகன்ஸ் வேக்’ என்றதும் நம் வட்டத்தில் நினைவுக்கு வருவது ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவல்தான். படித்தவர்கள் குறைவு, பெயர் சொல்கிறவர்கள் அதிகம் என்பதில் அதற்கு ஈடு கிடையாது. 1939இல் அந்த நாவல் வெளிவருவதற்கு 75 வருஷம் முன்னாலேயே அந்தப் பெயரில் ஒரு குடிப்பாட்டு அச்சாகி விற்றது. நாவலுக்கு உரை எழுதுகிறவர்கள் பாட்டை ஒரு பத்தியில் தீர்த்துவிடுகிறார்கள்: ஏணியிலிருந்து விழுந்து செத்த ஒருவன் தன் இழவு வீட்டில் விஸ்கி மேலே பட்டு எழுந்துவிடுகிறான், வீழ்ச்சி, மீண்டும் எழுதல் என்ற சுழற்சியை ஜாய்ஸ் இதிலிருந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரிய வீட்டுக்குள் போகிற அவசரத்தில் திண்ணையைத் தாண்டுவது போலத் தாண்டிவிடுகிறார்கள். திண்ணையிலேயே கொஞ்ச நேரம் உட்காரலாம் என்பது என் எண்ணம். உள்ளே இருப்பதில் சிலது இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பாட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிம் ஃபினகன் கட்டிட வேலையில் சித்தாள். நீளக் கழியின் முனையில் பொருத்திய தொட்டியில் செங்கல்லையும் கலவையையும் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு ஏணி ஏறுவது அவன் பிழைப்பு. ஆங்கிலத்தில் அந்தத் தொட்டிக்கு ஹாட் என்று பெயர். பிறவியிலேயே மதுவின் மேல் பிரியம். காலையில் ஒரு வாய் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவான். ஒரு நாள் அளவு மிஞ்சிவிடுகிறது. தலை கனத்து, தடுமாறி விழுந்து மண்டை உடைகிறது. பிணத்தை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். சுத்தமான துணியில் சுற்றிக் கட்டிலில் கிடத்திக் கால்மாட்டில் ஒரு காலன் விஸ்கியும் தலைமாட்டில் ஒரு பீப்பாய் போர்ட்டரும் வைக்கிறார்கள். சிநேகிதர்கள் கூடுகிறார்கள். டிம்மின் மனைவி முதலில் டீயும் கேக்கும் தருகிறாள். பிறகு பைப், புகையிலை, விஸ்கி பஞ்ச். பிட்டி ஓ'பிரையன் என்பவள் அழத் தொடங்குகிறாள், இவ்வளவு லட்சணமான பிணத்தைப் பார்த்ததுண்டா என்று. பாடி மெகீ அவளை வாயை மூடச் சொல்கிறான். மேகி ஓ'கானர் அந்தப் பேச்சைக் கையில் எடுத்து, பிட்டி சொன்னது தப்பு என்கிறாள். பிட்டி விட்ட அடியில் மேகி தரையில் கிடக்கிறாள். அப்புறம் பெண்ணோடு பெண், ஆணோடு ஆண், தடியெடுத்தவன் தண்டல்காரன். மிக்கி மலோனியைக் குறிவைத்து ஒரு விஸ்கிக் குவளை பறக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொள்ள, குவளை கட்டிலில் விழுந்து விஸ்கி பிணத்தின் மேல் சிந்துகிறது. டிம் எழுந்து உட்கார்ந்து, தன்னைச் செத்தவனாக எண்ணியவர்களைத் திட்டுகிறான். கதையின் நடுநடுவே ஆட்டத்துக்குக் கூப்பிடும் பல்லவி வந்துபோகிறது.

‘வேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சரியான இணை கிடைக்காது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கிடைக்கும். பிணத்தோடு இரவு முழுக்கக் கண் விழிப்பது, தூக்கத்திலிருந்து விழிப்பது, இரண்டுக்கும் நம்மிடம் ‘விழிப்பு’ என்ற ஒரே சொல் இருக்கிறது. கப்பல் போன பின் தண்ணீரில் கிடக்கும் தடம் என்ற மூன்றாவது அர்த்தத்தைத்தான் தமிழ் விட்டுவிடுகிறது. அந்த மூன்றாவது அர்த்தம் பாட்டில் வரவில்லை. ஆனால் பாட்டு பிறந்த ஜனங்களுக்குக் கப்பலோடு இருந்த சம்பந்தம் வேறு எதனோடும் இருந்ததில்லை. அதற்கு வருகிறேன்.

இந்தப் பாட்டை ‘அயர்லாந்தின் பாரம்பரிய நாட்டுப்பாடல்’ என்று எல்லாத் தொகுப்பும் சொல்கிறது. உண்மையில் இது 1864இல் நியூயார்க்கில் காசுக்கு விற்ற தாளில் அச்சாகி, கேளிக்கை அரங்குகளில் பாடப்பட்ட மேடைப்பாட்டு. எழுதியவர் யார் என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அடிபடுகின்றன. வயலில் நாற்று நட்டவளோ கடலில் வலை வீசியவனோ காலங்காலமாகப் பாடி வந்தது அல்ல. அரங்கு நிரம்ப வேண்டும், தாள் விற்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்தது. நாட்டுப்பாடல் என்ற சொல்லைக் கேட்டதும் ‘கூட்டுப் பிரக்ஞை’, ‘மண்ணின் குரல்’ என்று எழுத ஆரம்பித்துவிடுகிற நண்பர்கள் இதைக் கேள்விப்பட்டால் பாட்டைக் கீழே போட்டுவிடுவார்கள். மறுபக்கம், வியாபார எழுத்து என்ற ஒரே முத்திரையில் வழக்கை முடித்துவிடும் வேறு சில நண்பர்கள் அதை எடுக்கவே மாட்டார்கள். இந்த இரண்டாவது கட்சிக்கு நானும் சந்தா கட்டியவன்தான்; இன்றும் விலகிவிடவில்லை. வெகுஜனப் பத்திரிகைத் தொடர்கதையை இலக்கியம் என்று யாராவது நிரூபிக்க வந்தால் நான் எதிர்வரிசையில்தான் நிற்பேன். ஆனால் விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பது ஒரு பொருளின் பிறப்பைப் பற்றிய தகவல். வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதும் ஒரு தகவல்தான். விமர்சகன் முதல் தகவலோடு பேனாவை மூடிவிட்டால் பாதிக் கணக்கு எழுதாமலே கிடக்கும்.

வாங்கியவர்கள் யார்? 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அயர்லாந்தில் செத்தார்கள்; குறைந்தது இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். 1860 கணக்கெடுப்பில் நியூயார்க் நகரவாசிகளில் நான்கில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். ஆண்கள் தோண்டினார்கள், சுமந்தார்கள், ஏணி ஏறினார்கள். பெண்கள் பிறர் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஹாட் சுமக்கிற ஐரிஷ்காரன் அந்தக் காலத்துக் கேலிச்சித்திரங்களின் நிரந்தரப் பாத்திரம். டிம் ஃபினகனும் அந்தக் கேலிச்சித்திரத்திலிருந்து வந்தவன்தான். குடிப்பான், விழுவான், இழவு வீட்டிலும் சண்டை போடுவான். ஐரிஷ்காரனைப் பற்றி மற்றவன் சொல்லிச் சிரித்த எல்லாமே இந்தப் பாட்டில் இருக்கிறது. மேடை ஐரிஷ்காரன் என்று அதற்குப் பெயரே உண்டு.

அப்படியானால் கேலிக்கு உள்ளானவர்களே அதைக் காசு கொடுத்து வாங்கிப் பாடியது ஏன்? அடிமை மனோபாவம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. வேறொன்று இருக்கிறது.

அயர்லாந்தில் அந்தக் காலத்தில் ‘அமெரிக்க வேக்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ அமெரிக்காவுக்குக் கிளம்புகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முந்தின இரவு அக்கம்பக்கமெல்லாம் கூடி, குடித்து, ஆடி, விடியும்வரை கண் விழிப்பார்கள். வயதான பெண்கள் பிணத்துக்கு அழுவது போலவே போகிறவளைப் பார்த்து அழுவார்கள். போகிறவள் திரும்பப் போவதில்லை, பெற்றவர்கள் அவள் முகத்தை இனிப் பார்க்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே சாவுக்கு உரிய சடங்கு உயிரோடு இருக்கிறவருக்கே நடந்தது. காலையில் அந்தப் ‘பிணம்’ மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடக்கும்.

இப்போது நியூயார்க் அரங்கில் உட்கார்ந்து டிம் ஃபினகன் கட்டிலில் எழுந்து உட்காருவதைக் கேட்டவர்களை யோசித்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் ஏற்கனவே இழவு கொண்டாடி ஆகிவிட்டது. தங்கள் சாவுக்குத் தாய் அழுததைத் தாங்களே காதால் கேட்டவர்கள். செத்தவன் நடுவில் எழுந்து, நான் இருக்கிறேன், நீங்கள் அதற்குள் குடித்துத் தீர்க்கிறீர்களே என்று திட்டுவது அவர்களுக்கு வெறும் விகடமாக இருந்திருக்க முடியாது. அதற்காக அவர்கள் அழுதுகொண்டு கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்தது என்பதுதான் என் கேள்வி. பாட்டை எழுதியவன் இதையெல்லாம் நினைத்து எழுதினானா என்று கேட்பவர்களுக்கு, நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் பதில். கேட்பவனிடம் ஏற்கனவே இருக்கும் ஒன்றின் மேல் பாட்டு போய் விழுகிறது, குவளை கட்டிலில் விழுந்த மாதிரி. குறி மிக்கி மலோனிதான், நனைந்தது டிம்.

நான் கவுண்டரில் உட்கார்ந்து பிறத்தியார் பணத்தை எண்ணுகிறவன். பாட்டைக் கேட்கிறபோது ஒரு இடத்தில் என் புத்தி தன் தொழிலுக்கே போகிறது. ஒரு காலன் விஸ்கி, ஒரு பீப்பாய் போர்ட்டர், டீ, கேக், புகையிலை, பஞ்ச். சித்தாளின் கூலியில் இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? பாட்டு வாயைத் திறப்பதில்லை. ஏணி யாருடைய கட்டிடத்தின் மேல் சாய்ந்திருந்தது, விழுந்தவனுக்கு அந்தக் கட்டிடக்காரன் ஏதாவது கொடுத்தானா, அதற்கும் பதில் இல்லை. பிணத்தைத் தூக்கி வந்தார்கள் என்பதோடு வேலைத்தலம் பாட்டிலிருந்து மறைந்துவிடுகிறது. உயிரோடு இருந்தபோது அவன் வீட்டில் ஒரே சமயத்தில் இவ்வளவு பண்டம் சேர்ந்திருக்காது. டிம் ஃபினகன் முதன்முதலாகக் கனவான் மாதிரி விருந்து கொடுப்பது செத்த பிறகுதான். முற்போக்கு நண்பர்கள் இந்தப் பாட்டைக் குடியைப் புகழ்கிற பிற்போக்குச் சரக்கு என்று தள்ளுவார்கள். தள்ளுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தரம் கூட்டிப் பார்க்கலாம்.

ஏணி விஷயத்திலும் பாட்டு நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. உலகத்தில் மேலே வருவதற்காக அவன் ஹாட் சுமந்தான் என்று ஆரம்பத்திலேயே ஒரு சிலேடை இருக்கிறது. குடியேறியவனுக்கு அமெரிக்கா காட்டிய ஆசை அது: உழைத்தால் உயரலாம். டிம் உயர்வது உண்மைதான், ஏணிப் படி அளவுக்கு. மூட்டையோடு ஏறி, வெறுங்கையோடு இறங்கி, மறுபடி ஏறி. பிறகு விழுகிறான். கடைசியில் கட்டிலில் எழுகிறபோது அதுவே அவனுக்கு வாய்த்த ஒரே மெய்யான உயர்வு. ஏறுதல், வீழ்தல், எழுதல் என்று ஒரே அசைவை மூன்று விதமாகச் சுழற்றியிருக்கிற இந்தக் கட்டுமானம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் பெரிய தத்துவம் இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். கச்சிதமாகச் செய்த காரியம். அரங்கத் தொழில் தெரிந்தவன் செய்தது.

பிட்டி ஓ'பிரையன் அழுகிற கட்டம்தான் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்தில் சாவு வீட்டில் பெண்கள் பாடியழும் கலைக்கு ‘கீன்’ என்று பெயர். ஒப்பாரி என்பதைத் தவிர வேறு சொல் அதற்குத் தேவையில்லை. 1773இல் கொலையுண்ட தன் கணவன் ஆர்ட் ஓ'லியரிக்காக ஐலீன் பாடியதாக வரும் ஐரிஷ் ஒப்பாரியைத் தெரிந்தவர்களுக்கு, அது எந்த உயரத்தைத் தொடக்கூடிய கலை என்று தெரியும். கத்தோலிக்கத் திருச்சபைக்கு இந்தக் கலை பிடிக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே பாதிரிமார் சபைகள் கூடிக் கூடி ஒப்பாரியையும், இழவு வீட்டுக் குடியையும், அங்கே நடக்கும் விளையாட்டுகளையும் கண்டித்துத் தீர்மானம் போட்டன. விளையாட்டு என்றால் சாதாரண விளையாட்டு இல்லை. பொய்க் கல்யாணம், பொய்ப் பாதிரி, மல்லுக்கட்டு எல்லாம் உண்டு. ஷான் ஓ சூலவான் 1961இல் இதைப் பற்றி ஐரிஷ் மொழியில் ஒரு புத்தகமே எழுதினார். 1967இல் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்தவனுக்கு, டிம்மின் வீட்டுச் சண்டை மேடைக்காரன் கட்டிவிட்ட அவதூறாக மட்டும் தெரியாது. சாவு வீட்டில் கூத்தடிப்பது அந்த ஜனங்களின் பழைய உரிமை.

பாட்டில் பிட்டி அழ ஆரம்பித்ததும் ஒரு ஆண் அவளை வாயை மூடச் சொல்கிறான். இரண்டு நூற்றாண்டுகளாகப் பிரசங்க மேடையிலிருந்து பாதிரி சொன்னதை பாடி மெகீ ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறான். அடுத்தவள் எழுந்து, நீ சொன்னது தப்பு என்கிறாள். சண்டை எதற்காக? செத்தவனைப் பற்றிச் சரியாகச் சொல்கிறவள் யார் என்பதற்காக. ஒப்பாரிக் கலையின் கடைசி மிச்சம், அடிதடியாகக் கீழே இறங்கிவிட்ட நிலையில், இந்தக் கொச்சைப் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுதியவன் கேலிக்காகத்தான் வைத்தான். ஆனால் கேலி செய்வதற்குக்கூட அந்தப் பெண்களை உள்ளே விட வேண்டியிருக்கிறது.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் சிஞ்சின் ‘ரைடர்ஸ் டு தி ஸீ’ நாடகத்தைத் தப்பியிருக்க முடியாது. 1904இல் மேடையேறிய நாடகம். கடலுக்குப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொடுத்த கிழவி மோரியா, கடைசி மகனின் நனைந்த உடல் மேல் புனித நீரைத் தெளிக்கிறாள். எங்களுக்குப் பாடம் நடத்தியவர் அந்த இடத்தில் குரல் தழுதழுக்க நிறுத்தினார். நிறுத்த வேண்டிய இடம்தான். அந்தக் காட்சியையும் டிம்மின் கட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டிலும் பிணம் நடுவில் கிடக்கிறது, பெண்கள் அழுகிறார்கள், மேலே ஒரு திரவம் விழுகிறது. விஸ்கி என்ற சொல்லே ‘இஷ்கெ பாஹா’ என்ற ஐரிஷ் தொடரிலிருந்து வந்தது. உயிர்நீர் என்று அர்த்தம். புனித நீர் பட்ட பார்ட்லி எழுவதில்லை. உயிர்நீர் பட்ட டிம் எழுந்துவிடுகிறான். சாவை ஒப்புக்கொள்வது ஒன்று, ஒப்புக்கொள்ள மறுப்பது ஒன்று. நம் பாடத்திட்டம் முன்னதைத் துன்பியல் என்று பெயரிட்டுத் தேர்வுக்கு வைக்கிறது, பின்னதைக் குடிகாரன் பாட்டு என்று வகுப்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. நான் சிஞ்சைக் குறைத்துச் சொல்லவில்லை. மோரியாவின் அமைதி பெரிய சாதனை. ஆனால் அந்த அமைதி மட்டும்தான் ஆழம் என்றும், சத்தமாக இருப்பதெல்லாம் மேம்போக்கு என்றும் நாம் ஒரு ரசனையை வளர்த்துக்கொண்டுவிட்டோம். நமது கவிதைகளில் வருகிற சாவுகள் எல்லாம் இவ்வளவு நிசப்தமாக நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

சிஞ்சே அப்படிப்பட்டவர் இல்லை என்பது வேடிக்கை. அதற்கு முந்தின வருஷம், 1903இல், ‘இன் தி ஷேடோ ஆஃப் தி க்ளென்’ நாடகத்தில் போர்வைக்கடியில் பிணமாகப் படுத்திருக்கும் கிழவன் பெண்டாட்டி வெளியே போன சமயம் எழுந்து உட்கார்ந்து, வழிப்போக்கனிடம் விஸ்கி கேட்கிறான். அரான் தீவில் கேட்ட கதையை வைத்து எழுதியது. டப்ளினில் தேசியவாதிகள் கொதித்துப் போனார்கள். மாட் கான் வெளிநடப்புச் செய்தார். ஆர்தர் க்ரிஃபித் பத்திரிகையில் தாக்கினார். ஐரிஷ் பெண்ணை அவமானப்படுத்திவிட்டதாகக் குற்றச்சாட்டு. இன்னும் பின்னால் போனால், 1874இல் நியூயார்க்கில் அரங்கேறிய பூசிகோவின் ‘தி ஷாக்ரான்’ நாடகத்தில் கான் என்பவன் தன் சொந்த இழவில் பிணமாக நடித்துக்கொண்டே, தன்னைப் பற்றிய புகழுரைகளைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் உள்ள விஸ்கியைத் திருடிக் குடிக்கிறான். பாட்டு, பூசிகோ, சிஞ்ச் என்று இந்தப் பிணம் திரும்பத் திரும்ப எழுந்துகொண்டே இருக்கிறது. யேட்ஸும் க்ரெகரி சீமாட்டியும் எட்வர்ட் மார்ட்டினும் 1897இல் தங்கள் நாடக இயக்கத்துக்கு எழுதிய அறிக்கையில், அயர்லாந்து கோமாளித்தனத்தின் இருப்பிடம் அல்ல என்று காட்டுவதாக வாக்குக் கொடுத்தார்கள். அவர்கள் குறிவைத்தது மேடை ஐரிஷ்காரனை. நியாயமான கோபம்தான். அவமானப்படுத்தப்பட்டவர்கள் கண்ணியம் கேட்பது இயல்பு. ஆனால் கண்ணியத்துக்காக வீட்டைப் பெருக்குகிறபோது எதை வாரி வெளியே கொட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

கொட்டியதைப் பொறுக்கியவர் ஜாய்ஸ். மறுமலர்ச்சிக்காரர்கள் மேற்குக்கரை விவசாயியிடமும் பழங்கதை வீரர்களிடமும் அயர்லாந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் நாற்பது வயதுக்கு மேல் பாரிஸில் உட்கார்ந்து ஒரு மலிவான மேடைப்பாட்டின் பெயரைத் தன் புத்தகத்துக்கு வைத்தார். 1923இல் தொடங்கிய வேலை. பெயரை மட்டும் ஏறத்தாழ கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தார். 1938இல் யூஜின் ஜோலாஸ் கண்டுபிடித்துவிட்டார். ஜாய்ஸ் நல்ல பாடகர். 1904இல் டப்ளின் இசைப்போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவர். பாட்டை அவர் காதால் அறிந்தவர் என்பதை இந்தக் காரணத்துக்காகவே சொல்கிறேன். பெயரில் செய்தது ஒரே மாற்றம், அபாஸ்ட்ரஃபியை எடுத்துவிட்டார். ஒரு ஃபினகனின் இழவு என்பது போய், ஃபினகன்கள் விழிக்கிறார்கள் என்றாகிவிட்டது. ஃபின் என்ற பழங்கதை வீரன் மறுபடியும் என்ற ஒலியும் உள்ளே கேட்கிறது. மறுமலர்ச்சிக்காரர்களின் வீரனும் அவர்கள் வெறுத்த குடிகாரச் சித்தாளும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நாவலின் முதல் அத்தியாயத்தில் இழவுக் காட்சி வருகிறது, விஸ்கி வருகிறது, பிணம் அசைகிறது. அங்கேதான் ஜாய்ஸ் பாட்டை விட்டுப் பிரிகிறார். எழுகிறவனைச் சுற்றியிருப்பவர்கள், மரியாதையாக, ஆறுதலாகப் பேசி, மறுபடி படுக்கச் சொல்கிறார்கள். வெளியே வந்தால் வழி தவறிவிடும், உமக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே வரும், வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்கிற தோரணை. அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தாகிவிட்டது. உரையாசிரியர்கள் இதை விக்கோவின் சரித்திரச் சுழற்சியை வைத்து விளக்குகிறார்கள், இருக்கட்டும். எனக்கு இங்கே அமெரிக்க வேக்தான் தெரிகிறது. ஊரை விட்டுப் போனவன் உண்மையிலேயே திரும்பி வந்தால் ஊர் அவனிடம் இப்படித்தான் பேசும். அன்பாகத்தான் பேசும். இழவு கொண்டாடி, அழுது முடித்து, பங்கு பிரித்த பிறகு, அவன் எழுந்து வந்து நின்றால் எங்கே உட்கார வைப்பது? 1904இல் டப்ளினை விட்ட ஜாய்ஸ், 1912க்குப் பிறகு அயர்லாந்தில் கால் வைக்கவில்லை. 1941இல் ஸூரிக்கில் இறந்தார். அந்தப் பக்கங்களைச் சொல்விளையாட்டு என்று மட்டும் படிக்கிறவர்களுக்கு நான் இந்த வருஷங்களை நினைவுபடுத்துவேன்.

பாட்டோ அவனை எழவிடுகிறது. எழுந்ததும் அவன் வாயில் வருகிற முதல் வசவில் ஆங்கிலம் இல்லை. ஆன்மா பிசாசுக்குப் போகட்டும் என்கிற ஐரிஷ் மொழித் தொடர் அது.  பல அச்சுப் பிரதிகளில் அதன் எழுத்து சிதைந்து கிடக்கிறது. அச்சுக் கோர்த்தவனுக்குப் புரிந்திருக்காது. 1851இல் முதல்முறையாக அயர்லாந்தில் மொழிக் கணக்கு எடுத்தபோது ஐரிஷ் பேசுகிறவர்கள் சுமார் 15 லட்சம், நாலில் ஒருவருக்கும் குறைவு. பஞ்சம் அதிகம் தின்றது மேற்கில் அந்த மொழி பேசிய ஏழைகளைத்தான். செத்தவன் எழுகிறபோது செத்துக்கொண்டிருக்கும் மொழியில் பேசுகிறான். நியூயார்க் மேடைக்காரன் ஒரு சிரிப்புக்காகச் செருகிய தொடராக இருக்கலாம். ஆங்கிலத்தில் பிழைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அம்மாவின் அடுப்படியில் கேட்ட வசவு திடீரென்று காதில் விழுந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க முடியும்.

பாட்டு பிறகு கடல் தாண்டி ஊர் திரும்பியது. டிம்மின் தெருவுக்குச் சிலர் வாக்கின் தெரு என்று பெயர் சொல்கிறார்கள், சிலர் வாட்லிங் தெரு என்கிறார்கள். வாட்லிங் தெரு டப்ளினில் நிஜமாகவே இருக்கிறது, கின்னஸ் மதுச்சாலையை ஒட்டி. பாடுகிறவர்கள் டிம்முக்கு ஊரில் ஒரு விலாசம் கொடுத்துவிட்டார்கள். 1959இல் க்ளான்ஸி சகோதரர்களும் டாமி மேக்கமும் குடிப்பாட்டுகளாகவே தொகுத்த இசைத்தட்டில் இது இருக்கிறது. 1966இல், ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழா ஆண்டில், டப்ளினர்ஸ் குழு கேட் தியேட்டரில் ரசிகர்கள் முன்னால் பதிவு செய்த இசைத்தட்டின் பெயரே ‘ஃபினகன் விழிக்கிறான்’. அரங்கப்பாட்டு நாட்டுப்பாடலானது இப்படித்தான்: நூறு வருஷம் பாடி, தெருப்பெயரை மாற்றி, யார் எழுதியது என்பதை மறந்து.

இன்று மதுக்கடைகளில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இதை அதிவேகத்தில் பாடுகிறார்கள். பல்லவிக்குக் கைதட்டல் வேண்டும் என்பதால் பிட்டி அழுகிற இடம் மூச்சு விடாமல் ஓடிவிடுகிறது. கடைசி வசவு கூச்சலில் முங்கிவிடுகிறது. அந்த அழுகையை ஒப்பாரியின் கதிக்குக் கொஞ்சம் தாழ்த்தி, பாடி மெகீயின் அதட்டலுக்குப் பிறகு ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, அப்புறம் சண்டையை ஆரம்பித்துப் பாடலாம். பாட்டு தாங்கும். நண்பர்கள் யாரிடமாவது அப்படி ஒரு ஒலிப்பதிவு இருந்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் வந்து கேட்கிறேன்.